ஆக்சிஜன் 95 காட்டும்போது ஐசியு எதற்கு?

கேள்வி இதுதான். நிமோனியாவுடன் அம்மா மூன்று நாளாக வார்டில் இருந்தார். விரலில் மாட்டிய கிளிப் பகல் முழுக்க 95, 96 என்றே காட்டிக்கொண்டிருந்தது. மாலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக்கூட எடுக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, “மூச்சுக்கு ரொம்பப் பாடுபடறாங்க, ஐசியுவுக்கு மாத்திடலாம்” என்றார். ஆக்சிஜன் நன்றாக இருக்கும்போது அவர் எதைப் பார்த்தார், தேவையில்லாமல் மாற்றிவிட்டார்களா என்று மகன் கேட்கிறார்.

உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் போகிற போக்கில் நீங்கள் எழுதிய இரண்டு விஷயங்கள் என் கண்ணில் பட்டன. காலையில் மூக்குக் குழாயில் 3 லிட்டர் போன ஆக்சிஜன், மாலையில் மாஸ்க்கில் 8 லிட்டர் ஆகியிருக்கிறது. மதியம் அம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு “அப்புறம் பாத்துக்கலாம்” என்று தட்டைத் தள்ளியிருக்கிறார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்த டாக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. நான் நுரையீரல் வார்டிலும் பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பல வருடம் நர்ஸாக இருந்தவள். நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்று சொல்கிறேன்.

ஒரு வீட்டில் மாதம் பிறந்தால் வாடகை சரியாக வந்துவிடுகிறது. வீட்டுக்காரருக்கு அவ்வளவுதான் தெரியும். அந்தப் பணம் சம்பளத்திலிருந்து வந்ததா, மூன்று பேரிடம் கைமாற்று வாங்கி வந்ததா என்று ரசீதைப் பார்த்துச் சொல்ல முடியாது. விரலில் மாட்டும் கருவி காட்டுகிற 95 அந்த ரசீது மாதிரி. அந்த 95-ஐ எட்ட உடம்பு என்ன செலவு செய்கிறது என்பது அதில் இல்லை. செலவைத்தான் டாக்டர் கால்மாட்டில் நின்று பார்த்தார்.

அந்தச் செலவு சின்ன விஷயமில்லை. நன்றாக இருக்கும் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனில் 5 சதவீதம்கூட மூச்சு விடும் தசைகளுக்குப் போவதில்லை. நிமோனியாவில் நுரையீரல் விறைத்துப்போகிறது. ஆஸ்துமாவிலும் புகையால் கெட்ட நுரையீரலிலும் குழாய்கள் குறுகிவிடுகின்றன. விறைத்ததை விரிக்கவும் குறுகியதன் வழியே இழுக்கவும் அதே தசைகள் பல மடங்கு வேலை செய்கின்றன, பல மடங்கு ஆக்சிஜனையும் தின்கின்றன. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானமும் ஒரு தசைதான், அதுவும் களைக்கும். களைத்த கால் உட்கார்ந்துகொள்ளலாம், உதரவிதானத்துக்கு உட்கார நேரம் கிடையாது. அது களைத்துப்போய் நிற்பதற்கு முன்னால், இரண்டு மூன்று மணி நேரமாவது முன்னால், கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை கண்காணிப்பும்.

முதலில் எண்ணுவது. வளர்ந்தவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்பது பொதுவான கணக்கு. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய, நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்டும் ‘நியூஸ்’ மதிப்பெண் முறை இன்று பல நாடுகளின் வார்டுகளில் புழங்குகிறது. அதில் மூச்சு 21 முதல் 24 வரை என்றால் 2 மதிப்பெண், 25-ஐத் தொட்டாலே 3. தனி ஒரு அளவீட்டுக்கு 3-தான் உச்சம், அந்த ஒன்றுக்காகவே டாக்டரைக் கூப்பிட வேண்டும். 8-க்கோ அதற்கும் கீழேயோ இறங்கினாலும் அதே 3. மிகக் குறைவான மூச்சும் ஆபத்துதான்.

இவ்வளவு முக்கியமான இந்த எண்ணைத்தான் வார்டுகளில் மிக அலட்சியமாக எழுதுகிறார்கள். சார்ட்டைப் புரட்டினால் 18, 20, 20, 18 என்று வரிசையாக இருக்கும். வலியில் துடிப்பவருக்கும் 20, தூங்குபவருக்கும் 20. பிரஷர், சாச்சுரேஷன் (விரல் கிளிப் காட்டும் ஆக்சிஜன் அளவு), காய்ச்சல் எல்லாவற்றுக்கும் கருவி இருக்கிறது. மூச்சுக்கு மட்டும் ஒருவர் ஒரு முழு நிமிடம் சும்மா நிற்க வேண்டும், முப்பது நோயாளி இருக்கும் வார்டில் அந்த ஒரு நிமிடம் யாரிடமும் இல்லை. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவார்கள். அதில் ஒரு மூச்சு பிசகினால் கணக்கில் நான்கு பிசகிவிடும், 20 என்பது 24 ஆகிவிடும். ஐசியு மானிட்டர் காட்டும் மூச்சு எண்ணையும் நான் முழுசாக நம்ப மாட்டேன். இதயத்துக்கு ஒட்டும் அதே ஸ்டிக்கர்கள் வழியாக மார்பின் மின்தடை ஏறி இறங்குவதை வைத்து அது எண்ணுகிறது. நோயாளி கையை ஆட்டினாலும் இருமினாலும் அதற்கு மூச்சுதான். சில நேரம் இதயத் துடிப்பையே மூச்சாக எண்ணிவிடும்.

எனக்குக் கற்றுக்கொடுத்த சீனியர் அக்காவின் வழி எளிது. நாடி பார்ப்பதாகக் கையைப் பிடி. முப்பது விநாடி நாடியை எண்ணு, பிடித்த கையை விடாமல் அடுத்த ஒரு நிமிடம் நெஞ்சைப் பார். “மூச்சை எண்ணப் போறேன்” என்று சொல்லிவிட்டால் யாராலும் இயல்பாக மூச்சு விட முடியாது. இதைப் படிக்கும் நீங்களே இப்போது உங்கள் மூச்சைக் கவனித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மூச்சு வேகமாக இருந்தால் நுரையீரல்தான் காரணம் என்று முடிவு கட்டக் கூடாது. காய்ச்சல், வலி, பயம் எல்லாமே எண்ணை ஏற்றும். சர்க்கரை எக்கச்சக்கமாகி ரத்தம் அமிலமாகிவிட்டவர் ஆழமாக, வேகமாக, ஓடி வந்தவர் மாதிரி மூச்சு விடுவார். ஸ்டெதஸ்கோப் வைத்தால் நுரையீரல் சுத்தமாகக் கேட்கும். எண் ஏறினால் ஏன் ஏறியது என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணியானதும், பார்ப்பது. எனக்கு எண்ணைவிட இதில்தான் நம்பிக்கை.

கழுத்தில் ஆரம்பிக்கலாம். காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்பு வரை சரிவாக ஒரு தசை இறங்குகிறது. நிம்மதியாக மூச்சு விடுபவரிடம் அது இருப்பதே தெரியாது. பாடுபடுபவரிடம் ஒவ்வொரு மூச்சுக்கும் கயிறு மாதிரி விறைத்து எழும். அதோடு சேர்ந்து காறை எலும்புக்கு மேலே உள்ள குழியும், தொண்டைக்குழியும், விலா எலும்புகளின் இடுக்கும் உள்ளே இழுக்கும். மூக்கு விடைக்கும். குழாய் குறுகிய நோயாளிகள் உதட்டைக் குவித்து, சூடான பாலை ஊதுவது போல் மெல்ல வெளியே விடுவார்கள். யாரும் சொல்லித் தராமலே உடம்பு கண்டுபிடித்த வழி அது. வெளியேறும் காற்றுக்கு லேசான தடை இருந்தால் சின்னக் குழாய்கள் ஒட்டிக்கொள்ளாமல் திறந்திருக்கும். படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக் குனிந்திருப்பதும் அப்படித்தான். தோள் ஒரே நிலையில் நின்றால் கழுத்துத் தசைகளுக்கு இழுக்கப் பிடிமானம் கிடைக்கிறது. அப்படி உட்கார்ந்திருப்பவரை “படுங்க, ரெஸ்ட் எடுங்க” என்று சொந்தக்காரர்கள் தோளைப் பிடித்துச் சாய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள்.

பேச்சையும் கேட்க வேண்டும். “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் “ராத்திரி தூக்கமே வரல சிஸ்டர், இந்தப் பக்கம் திரும்பினா இருமல் வருது” என்று ஒரே மூச்சில் சொல்பவரைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. “ராத்திரி... தூக்கம்... வரல” என்றால் கவலை. தலையை மட்டும் ஆட்டினால் ஓட வேண்டும். உங்கள் அம்மா தட்டைத் தள்ளியதற்கு நான் ஏன் முக்கியத்துவம் தருகிறேன் என்றால், விழுங்கும் ஒவ்வொரு முறையும் மூச்சை நிறுத்த வேண்டும். நிமிடத்துக்கு 30 மூச்சு விடுபவருக்கு அந்த ஒரு விநாடி இடைவெளிகூடக் கட்டுப்படியாகாது. பசி இல்லை என்றுதான் அவர் சொல்வார், அவருக்கே காரணம் தெரியாது.

அடுத்து வயிறு. இதைக் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பழக வேண்டும். ஒரு கையை நெஞ்சிலும் இன்னொன்றை மேல்வயிற்றிலும் வையுங்கள். மூச்சை இழுக்கும்போது இரண்டும் சேர்ந்து எழ வேண்டும், ஏனென்றால் உதரவிதானம் கீழே இறங்கி வயிற்றை வெளியே தள்ளுகிறது. உதரவிதானம் களைத்துவிட்டால் நெஞ்சு எழும்போது வயிறு உள்ளே போகும். கழுத்தும் விலாவும் இழுக்கிற இழுப்பில், துவண்டுபோன உதரவிதானம் மேலே உறிஞ்சப்படுகிறது. நெஞ்சும் வயிறும் சீசா மாதிரி மாறி மாறி ஏறி இறங்கும். இதைப் பார்த்தால் நாங்கள் அடுத்த ரவுண்ட்ஸுக்குக் காத்திருக்க மாட்டோம்.

இனி, என்னால் மறக்க முடியாத ஒரு ராத்திரி. இருபது வயசுகூட ஆகாத பையன், கடுமையான ஆஸ்துமா. எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். பத்து மணிக்கு மூச்சு 36, வீசிங் சத்தம் கதவு வரை கேட்டது. நெபுலைசர் போட்டுக்கொண்டே இருந்தோம். ஒரு மணிவாக்கில் சத்தம் அடங்கியது, மூச்சு 22-க்கு வந்தது, சாச்சுரேஷன் 96. பையன் கண்ணை மூடிச் சாய்ந்தான். அம்மா கும்பிட்டார், நானும் சார்ட்டில் ‘பரவாயில்லை’ என்கிற மாதிரி எழுதிவிட்டு நகர்ந்தேன். டியூட்டி டாக்டர் மட்டும் வந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டாவது தடவைதான் கண்ணைத் திறந்தான், திறந்த கண் எங்கேயோ பார்த்தது. நெற்றி வியர்வையில் தலையணை நனைந்திருந்தது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், காற்று போகிற சத்தமே இல்லை. வீசிங் கேட்கவாவது குழாயில் காற்று ஓட வேண்டுமே. ரத்தம் எடுத்துப் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடு 58. இயல்பு 35 முதல் 45 வரை. அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது, பையன் பிழைத்துக்கொண்டான். அந்த ‘பரவாயில்லை’ இன்னும் எனக்கு உறுத்துகிறது.

ஆஸ்துமாவில் வேகமாக மூச்சு விடுபவருக்குக் கார்பன் டை ஆக்சைடு குறைந்திருக்க வேண்டும். 40 என்று ‘நார்மலாக’ வந்தாலே அது அபாய மணி, ஏனென்றால் அவர் தோற்கத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். கூடவே ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால் விரலில் எண் அழகாகவே இருக்கும். மூச்சு பாதியாகக் குறைந்தாலும் 95 தள்ளாடாது. கார்பன் டை ஆக்சைடு மட்டும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும்.

இது புதிய பாடமும் இல்லை. 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் அப்போதைய இயந்திரங்களுக்குள்ளேயே இறந்துகொண்டிருந்தார்கள். நிறம் மாறவில்லை, ஆனால் வியர்த்தது, பிரஷர் ஏறியது. ரத்தத்தில் ஏறியிருந்த பைகார்பனேட்டைப் பார்த்து, காரத்தன்மை கூடிவிட்டது என்றே மருத்துவர்கள் நினைத்தார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன்தான் அது வெளியேறாத கார்பன் டை ஆக்சைடு என்று பிடித்தார். தொண்டையில் குழாய் போட்டு, மருத்துவ மாணவர்களை ஷிஃப்ட் போட்டுக் கையால் பை அழுத்த வைத்துப் பலரைக் காப்பாற்றினார்கள். இன்றைய ஐசியுவின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

விரலில் மாட்டும் அந்தப் பல்ஸ் ஆக்ஸிமீட்டரைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி அதன் அடிப்படையைக் கண்டுபிடித்திராவிட்டால் இன்றைக்கு ஆபரேஷன் தியேட்டரே நடக்காது. ஆனால் அதன் எல்லை தெரிய வேண்டும். சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு ஒளியை விரல் வழியே அனுப்பிக் கணக்குப் போடும் கருவி அது. கை சில்லிட்டிருந்தாலோ அடர்ந்த நகப்பூச்சு இருந்தாலோ தடுமாறும். கருத்த தோலில் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும், எங்களைப் போன்றவர்களுக்கு இது முக்கியம். புகைக்குள் மாட்டிக்கொண்டவரின் ரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடையும் அது ஆக்சிஜனாகவே எண்ணும். எல்லோருக்கும் 95 தேவை என்பதும் இல்லை. சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களில் கார்பன் டை ஆக்சைடு தங்கும் அபாயம் உள்ளவர்களுக்கு 88 முதல் 92 வரைதான் இலக்கு. அவர்களுக்கு 98 காட்டினால் நாங்கள் ஆக்சிஜனைக் குறைப்போம், பக்கத்தில் நிற்கும் மகன் சண்டைக்கு வருவார்.

எண்ணையும் செலவையும் சேர்த்துப் பார்க்க ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது, ராக்ஸ் குறியீடு என்பார்கள். சாச்சுரேஷனை, கொடுக்கும் ஆக்சிஜனின் பங்கால் வகுத்து, வருவதை மூச்சு எண்ணால் மறுபடி வகுக்க வேண்டும். மூக்கு வழியே ஆக்சிஜனை வேகமாகச் செலுத்தும் ஹை ஃப்ளோ கருவியில் 40 சதவீத ஆக்சிஜனில், நிமிடத்துக்கு 24 மூச்சுடன் ஒருவர் 95 வைத்திருந்தால்: 95-ஐ 0.4-ஆல் வகுத்தால் 237.5, அதை 24-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 9.9. பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர், அவருக்கும் அதே 95. ஆனால் 80 சதவீத ஆக்சிஜன், 34 மூச்சு. கணக்குப் போட்டால் 3.5 வரும். நிமோனியாவில் ஹை ஃப்ளோ வைத்தவர்களுக்கு 4.88-க்கு மேல் நின்றால் வென்டிலேட்டர் குழாய் போடாமல் தப்பிக்க வாய்ப்பு அதிகம் என்பது இந்தக் கணக்கை உருவாக்கியவர்கள் கண்டது. திரையில் இரண்டு பேருக்கும் ஒரே எண், நிலைமையோ ஏணி வைத்தாலும் எட்டாது. உங்கள் அம்மா 3 லிட்டரிலிருந்து 8 லிட்டருக்குப் போனதை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

ஐசியுவில் இன்னும் நுணுக்கமாக அளக்கலாம். வென்டிலேட்டரில் இருப்பவர் மூச்சை இழுக்கத் தொடங்கும் கணத்தில் வழியை அடைத்து, முதல் பத்தில் ஒரு பங்கு விநாடியில் எவ்வளவு அழுத்தம் இழுக்கிறார் என்று கருவியே அளக்கும். சுமார் 4 சென்டிமீட்டர் நீரழுத்தத்தைத் தாண்டினால் மூளை வெறியோடு மூச்சை உந்துகிறது என்று பொருள். உணவுக்குழாயில் சின்ன பலூன் இறக்கி நெஞ்சுக்குள் அழுத்தம் எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பதுதான் உரைகல், ஆனால் எல்லா இடத்திலும் அதைச் செய்வதில்லை. உதரவிதானம் சுருங்கும்போது எவ்வளவு தடிக்கிறது என்று விலாவின் மேல் அல்ட்ராசவுண்ட் வைத்தும் பார்க்கிறார்கள். முயற்சி மிதமிஞ்சிப் போனால் அந்த இழுப்பே நுரையீரலைக் காயப்படுத்தும் என்கிற கவலை இப்போது அதிகம். நேர்மாறாக, வென்டிலேட்டரே எல்லா வேலையையும் செய்தால் உதரவிதானம் சில நாட்களிலேயே மெலிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் வைத்திருப்பதுதான் கஷ்டம். இங்கேயும் கண் தேவை. வென்டிலேட்டர் 18 என்று காட்டும், போர்வையை விலக்கி வயிற்றைப் பார்த்தால் 26 தடவை எக்கும். எட்டு முயற்சிகள் கருவிக்குத் தெரியாமலே வீணாகின்றன. சிஓபிடி நோயாளிகளிடம் இது அடிக்கடி நடக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பாடுபடுவதே தெரியாமல் மோசமாகிறவர்கள். கொரோனா காலத்தில் சாச்சுரேஷன் 80-இல் போனில் பேசிக்கொண்டிருந்தவர்களை எல்லோரும் பார்த்தோம். மார்ஃபின் போன்ற மருந்து அதிகமானவர் அமைதியாக, நிமிடத்துக்கு ஏழு மூச்சோடு தூங்குவார். கில்லன் பாரே, மையஸ்தீனியா மாதிரி தசை பலவீனத்தில் கழுத்துத் தசைக்கே விறைக்கத் தெம்பு இருக்காது, ஆகவே ‘பாடு’ வெளியே தெரியாது. அவர்களிடம் ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வோம். காலையில் முப்பது வரை போனவர் மாலையில் பதினைந்தில் நின்றால் அது போதும் எங்களுக்கு. குழந்தைகளின் கணக்கு தனி. இருமலோடு வரும் குழந்தைக்கு, இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயசுக்குள் 50, ஐந்து வயசுக்குள் 40, இதைத் தொட்டாலே வேக மூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். ஐசியுவில் பார்க்க விடும் நேரத்தில் திரையைப் பார்ப்பதைக் குறைத்து அம்மாவைப் பாருங்கள். நேற்று எத்தனை வார்த்தை பேசினார், இன்றைக்கு எத்தனை. கழுத்துத் தசை தெரிகிறதா. தூங்கினால் கூப்பிட்டதும் கண் திறக்கிறாரா. டாக்டரிடம் “சாச்சுரேஷன் எவ்வளவு?” என்பதோடு நிறுத்தாமல், “எவ்வளவு ஆக்சிஜன்ல? மூச்சு எத்தனை?” என்றும் கேளுங்கள். ஆக்சிஜன் குறைந்துகொண்டே வந்து, மூச்சு 20 பக்கம் நின்று, ஒரு நாள் அவரே “இந்த மாஸ்க்கை எடுத்துட்டு எனக்கு ஏதாவது சாப்பிடக் கொடு, மனுஷன் இருக்க முடியல” என்று ஒரே மூச்சில் திட்டினால், வார்டுக்குத் திரும்பும் பேச்சை அன்றைக்கு ஆரம்பிக்கலாம்.